தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன்...

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் இருபது நிமிஷம். எனக்கு முன்னாடி பேசின அக்கா சிறுதானிய பிஸ்கட் தொழிலைப் பத்தி அருமையாச் சொன்னாங்க. நான் பேசப்போறது கொஞ்சம் கனமான விஷயம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி சாக்கடைத் தொட்டியைப் பத்திப் பேசறாளேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்தப் பந்தலில் இருக்கிற பாதிப் பேர் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கு. முக்கால்வாசிப் பேர் வீட்டில் தண்ணித் தொட்டி இருக்கு. தோட்டம் இருக்கிறவங்களுக்குக் கிணறு இருக்கு. அதுக்குள்ள வேலைக்கு இறங்குற ஆம்பளைங்களும் நம்ம குடும்பத்தில்தான் இருக்காங்க. அதனால இது நம்ம பேச்சுதான்.

நான் சாயப்பட்டறையில் பதினோரு வருஷமாக வேலை செய்யறேன். கழிவுநீர் சுத்திகரிக்கிற பகுதியில் பாதுகாப்பு உதவியாளர். பெரிய பேரா இருக்கேன்னு நினைக்காதீங்க. வேலை என்னன்னா, தொட்டிக்குள்ள ஒருத்தர் இறங்கினால் மேலே வாயோரத்தில் நான் நிற்கணும். அவர் ஏறி வர்ற வரைக்கும் நகரக் கூடாது. போன் பேசக் கூடாது. டீ வந்தாலும் போகக் கூடாது. உள்ளே என்ன நடந்தாலும் நான் மட்டும் இறங்கவே கூடாது. இதுக்குத்தான் எனக்குச் சம்பளம். முதல் மாசம் கேட்டப்போ எனக்கே சிரிப்பு வந்தது, சும்மா நிக்கறதுக்குச் சம்பளமான்னு. அது எவ்வளவு பெரிய வேலைன்னு இன்னிக்கு உங்களுக்குச் சொல்லப்போறேன்.

முதலில் காத்தைப் பத்தி ஒரு கணக்கு. நாம உள்ளே இழுக்கிற மூச்சுக் காத்தில் பிராணவாயு கிட்டத்தட்ட 21 சதவீதம் இருக்கு. அது 19.5-க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாதுன்னு கணக்கு. 16-க்கு வந்தால் புத்தி தடுமாறும், கை கால் சொன்னபடி கேட்காது. 10-க்குக் கீழே போனால் மயக்கம். 6-க்குப் போனால் சில நிமிஷத்தில் உயிர் போயிடும். இதில் மோசமானது என்னன்னா, மூச்சுத் திணறுதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. தண்ணியில் முங்கினால் திணறும், கையைக் காலை ஆட்டுவோம். இங்கே அப்படி இல்லைங்க. ரெண்டு மூச்சு இழுப்பாங்க, முழங்கால் மடங்கும், விழுந்துடுவாங்க. கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

ஏன் தொட்டிக்குள்ள பிராணவாயு குறையுது? மூடி வச்ச இடத்தில் ஏதாவது அழுகினால் அது பிராணவாயுவைத் தின்னும். ஈரப் பலகை மக்கினாலும் தின்னும். இரும்பு துருப்பிடிச்சால்கூடத் தின்னும். அதனால் நாத்தமே இல்லாத, பார்க்கச் சுத்தமா இருக்கிற தொட்டியும் ஆளைக் கொல்லும்.

அடுத்தது விஷ வாயு. சாக்கடையில் அழுகின முட்டை வாடை வருமே, அது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமா இருக்கிறப்போ மூக்கைத் துளைக்கும். ஆனா பத்து லட்சம் பங்கு காத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்துட்டால் மூக்கு மரத்துப்போயிடும், வாடையே தெரியாது. "இப்ப நாத்தம் கொறஞ்சிருச்சு, எறங்கலாம்"னு சொல்றாங்க பாருங்க, அந்த நேரம்தான் எமன் நிக்கிற நேரம். இது காத்தைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். சேத்துக்குள்ள குமிழ் குமிழா அடைஞ்சிருக்கும். மேலே நின்னு பார்த்தால் ஒண்ணும் தெரியாது. காலை வச்சு மிதிச்சு மண்வெட்டியால் கிளறினதும் குபீர்னு வெளியே வரும்.

மூணாவது மீத்தேன். சாண எரிவாயு அடுப்பு வச்சிருக்கிறவங்களுக்கு இதைத் தெரியும். காத்தில் 5 முதல் 15 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தால் ஒரு பீடி நெருப்பு போதும், வெடிச்சுடும்.

நம்ம பெரியவங்களுக்கு இது தெரியாமல் இல்லைங்க. கிணறு தூர் வார இறங்கும் முன்னாடி அரிக்கேன் விளக்கைக் கயித்தில் கட்டி இறக்குவாங்க. அணைஞ்சால் இறங்க மாட்டாங்க. வேப்பங்கொப்பைக் கட்டி மேலும் கீழும் ஆட்டுவாங்க, குடம் குடமாத் தண்ணி ஊத்துவாங்க, காத்து புரளட்டும்னு. அந்தக் காலத்துக்கு அது நல்ல புத்தி. ஆனா இன்னிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. விளக்கு அணையறது ஏறக்குறைய 16, 17 சதவீதத்தில். ஆள் இறங்கக் கூடாதுங்கிற அளவோ 19.5. விளக்கு நல்லா எரியும், ஆளுக்குத் தலை சுத்தும். விஷ வாயு இருக்கிறதை விளக்கு காட்டாது. மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடி வைக்கும். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கிற பழக்கம் சில இடத்தில் இருக்கு. தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க.

இப்போ எங்க பட்டறையில் ஒரு தொட்டியை எப்படித் தயார் பண்றோம்னு வரிசையாச் சொல்றேன். நம்ம வீட்டுக்கும் கிணத்துக்கும் எது பொருந்தும்னு நீங்களே பார்த்துக்கலாம்.

முதல் கேள்வி: ஆள் இறங்கித்தான் ஆகணுமா? மேலே நின்னே பைப் விட்டு உறிஞ்ச முடியுமா, தண்ணி பீச்சிக் கழுவ முடியுமா? முடியும்னா அதோட பேச்சு முடிஞ்சது. பெரும்பாலான வேலை இந்தக் கேள்வியிலேயே நின்னுபோயிடும்.

இறங்கித்தான் ஆகணும்னா, அந்தத் தொட்டிக்கு வர்ற வழியெல்லாம் அடைக்கணும். மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. பியூஸைப் பிடுங்கி, பெட்டியைப் பூட்டி, சாவியை இறங்குறவர் கையில் கொடுக்கணும். "உள்ளே ஆள் இருக்கிறார்"னு அட்டை தொங்கவிடணும். விவரம் தெரியாத ஒருத்தர் வந்து சுவிட்சைப் போட்டுட்டால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்து தொட்டியைக் காலி பண்ணி, மேலிருந்தே கழுவி, எத்தனை மூடி இருக்கோ அத்தனையையும் திறக்கணும். ஒரு மூடியை மட்டும் திறந்தால் காத்து ஓடாது. புளோயர் வச்சு, அதோட பைப்பை அடி வரைக்கும் இறக்கி நல்ல காத்தை உள்ளே தள்ளணும். மேல் வாயில் பேன் வச்சால் அடியில் இருக்கிறது அங்கேயேதான் கிடக்கும். சில பேர் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடலாமான்னு கேட்பாங்க. கூடவே கூடாது. பிராணவாயு அளவுக்கு மேல் போனால் துணி, தலைமுடி எல்லாம் சட்டுனு பத்திக்கும். நாம அடிக்கிறது சாதாக் காத்துதான்.

அப்புறம் மீட்டர். உள்ளங்கை அளவு கருவி. அதைக் கயித்தில் கட்டி மேல், நடு, அடி மூணு இடத்திலும் பார்க்கணும். ஏன் மூணு இடம்னா, மீத்தேன் லேசானது, மேலே நிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, கீழே கிடக்கும். ஒரு இடத்தில் பார்த்துட்டு சரின்னு சொல்ல முடியாது. ஆள் உள்ளே இருக்கிற வரைக்கும் அந்த மீட்டர் அவர் சட்டையிலேயே இருக்கணும். காலையில் பார்த்த அளவு பத்து மணிக்குச் செல்லாது.

அப்புறம் பெர்மிட் காகிதம். யார் இறங்குறார், எத்தனை மணிக்கு, மீட்டர் என்ன காட்டுச்சு, மேலே யார் நிக்கிறாங்க, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடணும். நம்ம குழுத் தீர்மானப் புத்தகம் மாதிரிதாங்க. எழுதாத தீர்மானம் தீர்மானம் இல்லை, எழுதாத அளவு அளவு இல்லை.

கடைசியா பெல்ட்டும் கயிறும். இடுப்பில் ஒரு கயித்தைச் சுத்தி விடறது பெல்ட் ஆகாது. தோள், நெஞ்சு, தொடை மூணையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் வேணும். கயித்தோட மறுமுனை மேலே இருக்கிற முக்காலியில், கைப்பிடி சுத்துற உருளையில் இருக்கணும். மயங்கின ஆளை ரெண்டு பேர் கையால் தூக்க முடியாதுங்க. துவண்ட உடம்பு ரொம்பக் கனக்கும், வாயும் குறுகல். உருளை இருந்தால் என்னை மாதிரி ஒரு பொம்பளை தனியா நின்னு சுத்தி மேலே கொண்டு வந்துடலாம், உள்ளே யாரும் போக வேண்டியதே இல்லை.

உள்ளே விளக்கு வேணும்னா 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. மூக்கில் கைக்குட்டை கட்டறது, கொரோனா மாஸ்க் போடறது இதெல்லாம் எதுக்கும் உதவாது. துணி தூசியைத் தடுக்கும், இல்லாத பிராணவாயுவை உண்டாக்கித் தராது.

இதெல்லாம் எங்க முதலாளி புதுசாக் கண்டுபிடிச்சது இல்லைங்க. காத்தைச் சோதிச்சு எழுத்தில் சான்று தரணும், இல்லாட்டி மூச்சுக் கருவியும் பெல்ட்டும் போட்டு, கயித்தோட மறுமுனையை வெளியே ஒருத்தர் பிடிச்சிருக்கணும்னு 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வச்சாங்க. 24 வோல்ட் கணக்கும் அந்தச் சட்டத்தில் இருந்துச்சு. பட்டறைக்குள்ளே இருக்கிற தொட்டிக்கு அந்தக் காலத்திலேயே விதி வந்துடுச்சு. நம்ம ஊர்த் தொட்டிக்குத்தான் யாரும் வந்து சொல்லலை.

நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊருக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்லித்தான் ஆகணும். சம்பந்தப்பட்டவங்க சிலர் இந்தப் பந்தலிலேயே இருக்காங்க. அவங்ககிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் பேசறேன். பேர் சொல்லலை.

புது வீடு. வாசலில் தண்ணித் தொட்டி கட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூணு வாரம் ஆச்சு. உள்ளே சென்ட்ரிங் பலகையும் முட்டும் அப்படியே இருக்கு. நடுவில் மழை பெய்ஞ்சு முழங்கால் தண்ணி. வாயைத் தகரத்தால் மூடி வச்சிருந்தாங்க. பலகை பிரிக்க ஒருத்தர் இறங்கினார். அதில் ஒரு சொட்டுச் சாக்கடை இல்லை, ஒரு நாத்தம் இல்லை, புதுத் தொட்டி. யாருக்குச் சந்தேகம் வரும்? இறங்கினவர்கிட்ட இருந்து சத்தம் இல்லை. ஈரப் பலகை மக்கி மக்கி உள்ளே இருந்த பிராணவாயுவைத் தின்னுட்டு இருந்திருக்கு. மேலே நின்ன அவர் மச்சினன் எட்டிப் பார்த்தார், குப்புறக் கிடக்கிறதைப் பார்த்தார், குதிச்சுட்டார். அவரும் எழலை.

அந்த நேரம் முதல் ஆளோட பையன் ஓடி வந்தான். பதினேழு வயசு. "அப்பா"ன்னு கத்திக்கிட்டு காலை உள்ளே வச்சுட்டான். பக்கத்து வீட்டு அக்கா, நம்ம குழு உறுப்பினர், பின்னாடி போய் அவன் இடுப்பைக் கட்டிப் பிடிச்சாங்க. அவன் கடிச்சான், உதைச்சான். விடலை. வேற யாரையும் கிட்டே சேர்க்கலை. தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் வாசல் மண்ணில் அவனோட புரண்டுகிட்டே பிடிச்சு வச்சிருந்தாங்க. முதுகில் காத்துச் சிலிண்டர் மாட்டிக்கிட்டு வந்த வீரர்கள்தான் ரெண்டு பேரையும் எடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் உயிர் இல்லை.

அதுக்கப்புறம் ஊர் என்ன பேசுச்சு தெரியுமா? "பெத்த அப்பனைக் காப்பாத்தப் போன பையனைப் பிடிச்சு நிறுத்திட்டாளே, விட்டிருந்தா ஒருத்தராவது பொழச்சிருப்பாங்க"ன்னு பேசுச்சு. கருமாதி வீட்டில் அந்த அக்காவுக்கு யாரும் தண்ணி கொடுக்கலை. அந்தப் பையனே ஒரு வருஷம் அவங்க முகத்தைப் பார்க்கலை.

இந்த மேடையில் நின்னு நான் சொல்றேன், எனக்குப் பட்டறையில் கொடுத்த பயிற்சியை ஒரு நாளும் வாங்காத அந்த அக்கா, பயிற்சி வாங்கினவங்க செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க. விட்டிருந்தால் மூணு சடலம் ஆகியிருக்கும். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லலை. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயற நியோஷ்னு ஒரு அரசு நிறுவனம் இருக்கு. 1986-ல் அவங்க வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படிப்பட்ட அடைந்த இடங்களில் செத்தவங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாத்த இறங்கினவங்கன்னு எழுதியிருக்காங்க. அண்ணன் விழுந்தால் தம்பி, அப்பன் விழுந்தால் மகன். பாசத்தால்தான் இறங்குறாங்க. முதல் ஆளை மயக்கின அதே காத்துதான் அங்கே இருக்கு. அது மகன்னும் பார்க்காது, மச்சினன்னும் பார்க்காது.

அந்தப் பையன் இப்போ ஐடிஐ முடிச்சு வேலைக்குப் போறான். அவங்க அம்மாவும் நம்ம கூட்டமைப்பில்தான் இருக்காங்க. செத்தவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிஞ்சிருந்தார், ஆனா புதுப்பிக்காமல் விட்டிருந்தார். வேலை கொடுத்தவர் சாவுச் செலவுக்குக் கொடுத்ததோட ஒதுங்கிட்டார். அந்த அம்மா எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாங்கன்னு எங்க குழுவுக்குத் தெரியும். அதனால கட்டட வேலைக்குப் போறவங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் இன்னிக்கு ராத்திரி அந்த வாரிய அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்க.

அப்படி ஒருத்தர் உள்ளே விழுந்துட்டால் நாம என்ன செய்யணும்? முதலில் வாசலை மறிச்சு நிக்கணும். யாரையும் இறங்க விடக் கூடாது. 101-க்கும் 108-க்கும் கூப்பிடணும், "தொட்டிக்குள்ள ஆள் மயங்கிக் கிடக்கிறார்"னு தெளிவாச் சொல்லணும். அப்படிச் சொன்னால்தான் மூச்சுக் கருவியோட வருவாங்க. எல்லா மூடியையும் திறக்கணும். மோட்டாரை நிறுத்தணும். பக்கத்தில் நெருப்பு, பீடி கூடாது. விழுந்தவருக்கு நினைவு இருந்தால் கயிறு போட்டுப் பிடிச்சுக்கச் சொல்லலாம். வெளியே எடுத்ததும் காத்தோட்டமான இடத்தில் படுக்க வச்சு, மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்தற முதலுதவியை உடனே ஆரம்பிக்கணும். ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு பேராவது அதைக் கத்துக்கணும். ஊரில் இருக்கிற ஆம்பளைங்க ஓடி வந்து குதிப்பாங்க. அவங்களைத் தடுக்கிற தைரியம் நமக்கு வேணும்.

தோட்டத்துக் கிணறு வச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தண்ணி கீழே போயிடுச்சுன்னு டீசல் எஞ்சினையோ பெட்ரோல் எஞ்சினையோ கிணத்துக்குள்ள திட்டில் இறக்கி ஓட்டாதீங்க. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. வெடி வச்சு ஆழப்படுத்தினால் புகை கண்ணுக்கு மறைஞ்சதும் இறங்கிடாதீங்க. காத்தை அடியிலிருந்து நல்லாப் புரட்டி, மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் ஆள் இறங்கணும். ஒத்தை ஆளா யாரையும் இறக்காதீங்க.

இனி செப்டிக் டேங்க். இதுக்கு நான் சொன்ன பெர்மிட், பெல்ட் எதுவும் நம்ம வீட்டில் வேண்டியதில்லை. ஏன்னா ஆளை இறக்கவே கூடாது. 2013-ம் வருஷத்து மத்திய சட்டம், மனிதக் கழிவை மனிதர் அகற்றுறதைத் தடை செய்யற சட்டம், பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ ஆளை இறக்கறது குற்றம்னு சொல்லுது. முதல் தடவையே ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடியும் செஞ்சால் அஞ்சு வருஷம், 5 லட்சம் வரைக்கும் போகும். இது கான்ட்ராக்டருக்கு மட்டும்னு நினைக்காதீங்க. வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் பொருந்தும். "அவரா வந்தார், அவரா இறங்கினார்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்படிச் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமா உயர்த்தினாங்க. உடம்பு நிரந்தரமா முடங்கிப்போனால் 20 லட்சம். இது பிச்சை இல்லை, உரிமை. நம்ம கூட்டமைப்பில் அப்படிப்பட்ட குடும்பம் இருந்தால் கேட்டு வாங்க நாம கூட நிக்கணும்.

இன்னொண்ணையும் மறைக்காமல் பேசணும். செப்டிக் டேங்க் அடைச்சால் நாம யாரைத் தேடிப் போறோம்? எந்தத் தெருவுக்குப் போறோம்? எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை. குழுவில் ஒரே பாயில் உட்காருறோம், ஒரே கணக்கில் சேமிக்கிறோம், ஒருத்தர் கடனுக்கு இன்னொருத்தர் ஜாமீன் நிக்கிறோம். அப்புறம் அந்த அக்காவோட வீட்டுக்காரரையே குழிக்குள்ள இறங்கச் சொல்லி ஐந்நூறு ரூபாயை நீட்டினால் அந்தப் பாய்க்கு என்ன அர்த்தம்? இதை நான் யாரையும் குத்திக் காட்டச் சொல்லலை. நமக்குள்ள சொல்லாட்டி வேற எங்கே சொல்றது?

ஆளை இறக்காமல் இருக்க வழி ரொம்பச் சுலபம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வச்சு உறிஞ்சி எடுத்துடணும். நாம என்ன செய்யறோம்? பத்து பதினஞ்சு வருஷம் மூடியைத் தொடுறதே இல்லை. பொங்கி வாசலில் ஓடுறப்போதான் ஞாபகம் வருது. அதுக்குள்ள அடியில் கசடு கல்லு மாதிரி இறுகிப்போயிடும். லாரிப் பைப் உறிஞ்சாது. "அடியில் கட்டி நிக்குது, ஆள் எறங்கி வெட்டணும்"னு லாரிக்காரர் சொல்வார். அப்போ ஒரு ஆள் இறங்குறார். அவர் இறங்கக் காரணம் அன்னிக்கு வந்த அடைப்பு இல்லைங்க. லாரியைக் கூப்பிடாமல் நாம தள்ளிப்போட்ட பத்து வருஷம். உரிய காலத்தில் எடுத்துட்டால் கசடு கூழாத்தான் இருக்கும், பைப்பிலேயே வந்துடும். அப்படியும் இறுகியிருந்தால் தண்ணியைப் பீச்சிக் கரைச்சு மறுபடி உறிஞ்சலாம். நேரம் ஆகும், காசு கூட ஆகும், உயிர் போகாது.

லாரிக்கு 14420 எண்ணில் கூப்பிடலாம். உரிமம் உள்ள லாரியா, கொண்டு போய் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுதா, ஓடையில் கொட்டுதான்னும் கேளுங்க. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-லேயே இதுக்குன்னு தனிச் சுத்திகரிப்பு நிலையம் வந்துடுச்சு. புதுசாக் கழிப்பறை கட்டுறவங்க, இடம் தோதா இருந்தால் இரட்டைக் குழி வைங்க. ஒண்ணு நிறைஞ்சால் அதை அடைச்சுட்டு அடுத்ததுக்கு மாத்தணும். ரெண்டு வருஷம் சும்மா விட்டால் மக்கி உரமாயிடும், மேலே நின்னே அள்ளலாம். டேங்க் கட்டினால் லாரி நிக்கிற தூரத்தில் கட்டுங்க, மூடியைத் திறக்கிற மாதிரி வைங்க. டைல்ஸ் ஒட்டி, மேலே துளசி மாடம் வச்சு மறைச்சுட்டால் அப்புறம் உடைக்கத்தான் ஆகணும்.

இது பொம்பளைங்க வேலையான்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பதில். திருச்சியில் பொதுக் கழிப்பறைகளை மகளிர் குழுக்களே கட்டணம் வாங்கிப் பல வருஷமா நடத்துறாங்க. ஒடிசாவில் பல ஊரில் கழிவுக்கசடு சுத்திகரிப்பு நிலையத்தையே சுய உதவிக் குழுக்கள் கையில் கொடுத்திருக்காங்க. கட்டாக்கில் திருநங்கையர் குழு அதை நடத்துது. கேரளத்துப் பொறியியல் பிள்ளைங்க 2018-ல் பாண்டிகூட்னு ஒரு எந்திரத்தைக் கொண்டு வந்தாங்க. சாக்கடைக் குழிக்குள்ள அது இறங்கி அள்ளும், மனுஷன் மேலே நின்னு இயக்குவார். மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில், இந்த வேலையில் இருக்கிறவங்களும் அவங்க குடும்பத்தாரும் எந்திர வண்டி வாங்க மானியம் உண்டு. குழிக்குள்ள இறங்கினவர் நாளைக்கு லாரி முதலாளி ஆகலாம். அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க நம்ம ஊக்குநர்களால் முடியும்.

1989-ல் தருமபுரியில் முதல் குழுக்கள் ஆரம்பிச்சப்போ, பொம்பளைங்க பேங்க் வாசப்படி ஏறுவாங்களான்னு கேட்டாங்க. இன்னிக்கு மேலாளர் ஐயா நம்ம மேடைக்கு வந்து உட்கார்ந்திருக்கார். அதனால கூட்டமைப்புக்கு நான் நாலு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த செயற்குழுவில் தீர்மானமா வரணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு. நம்ம உறுப்பினர் யார் வீட்டிலும் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குறதில்லைன்னு எல்லாக் குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடணும்.

ரெண்டு. லாரிச் செலவுக்கு உள்கடன் கேட்டால் அன்னிக்கே கொடுக்கணும். அடுத்த மாதாந்திரக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வைக்கக் கூடாது. காசு இல்லாத நாளில்தான் "ஐந்நூறு கொடுத்து ஆளைக் கூப்பிடு"ங்கிற எண்ணம் வருது.

மூணு. கூட்டமைப்பு நிதியில் ஒரு வாயு மீட்டர், ஒரு புளோயர், உருளை வச்ச ஒரு முக்காலி, ரெண்டு பெல்ட் வாங்கி வைக்கணும். தண்ணித் தொட்டிக்கும் கிணத்துக்கும் வேலைக்குப் போறவங்களுக்கு வாடகைக்கு விடலாம். நாம பந்தல் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு விடறோம், கணக்கு எழுதத் தெரியும். மீட்டரைக் காலாகாலத்தில் சரிபார்க்க அனுப்பற பொறுப்பை நான் ஏத்துக்கிறேன். பயன்படுத்தக் கத்துக்கொடுக்கவும் வர்றேன், லீவு நாளில் எந்த ஊருக்கானாலும்.

நாலு. புது வீட்டுத் தொட்டியில் பலகை பிரிக்கிற வேலை நம்ம ஊரில் எங்கே நடந்தாலும், முந்தின நாளே மூடியைத் திறந்து காத்து அடிக்காமல், மீட்டர் வைக்காமல் ஆள் இறங்க விடக் கூடாது. அது யார் வீடானாலும் சரி, நம்மில் ரெண்டு பேர் போய்ச் சொல்லணும். "உங்களுக்கென்ன வந்தது"ன்னு கேட்பாங்க. கேட்கட்டும்.

அந்தப் பையனைப் பிடிச்சு நிறுத்தின அக்கா மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. எழுந்து நிக்கச் சொன்னால் சங்கடப்படுவாங்க, நான் கூப்பிடலை. சாப்பாட்டுப் பந்தியில் அவங்க பக்கத்தில் உட்கார நிறையப் பேர் போட்டி போடுவீங்கன்னு நம்பறேன்.